தனியாவா சார்?

மதுரை ஜங்ஷனில் இறங்குகிறீர்கள். ஆட்டோக்காரர்களின் அன்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் எதிரே மேல வெளி வீதி. அதைக் கடந்தால் டவுன்ஹால் ரோடு. கிழக்குப் பார்த்து நேரே நடந்தால் கால் மணி நேரத்தில் மீனாட்சி அம்மன் கோயில். இந்தக் கால் மணி நேர நடைக்குள், இரண்டு பக்கமும் பிரிகிற தெருக்களில் எத்தனை லாட்ஜ் இருக்கிறது என்று ஒரு சாயங்காலம் எண்ண ஆரம்பித்தேன். 30-ஐத் தாண்டியதும் கால் வலித்தது. ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு அந்த ஆராய்ச்சியை அத்தோடு விட்டுவிட்டேன்.

வேலையாக மதுரைக்குப் போகிற பலர் இப்போதெல்லாம் ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம் தங்குகிறார்கள். ஏ.சி., லிஃப்ட், காலையில் பஃபே எல்லாம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மதுரைதான் தெரியாது. நான் சொல்ல வந்தது 600, 700 ரூபாய் லாட்ஜ்களைப் பற்றி. 20 வருஷத்துக்கு மேலாக, வருஷத்துக்கு 2 தடவையாவது இந்தத் தெருக்களில் ஏதாவது ஒன்றில் தங்குகிறேன். காசு ஒரு காரணம். அது மட்டும்தான் காரணமென்றால் வீட்டில்கூட நம்ப மாட்டார்கள்.

முதலில், நீங்கள் எதன் மேல் படுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய மதுரை ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரமாகக் கட்டிய ஊர். நடுவில் கோயில். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. 16-ம் நூற்றாண்டில் விஸ்வநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்குபடுத்தியது என்பார்கள். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில்தான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் பிளாக்பர்ன் என்கிற கலெக்டர், ஊர் மூச்சு முட்டுகிறது என்று சுவரை இடிக்க முடிவு செய்தார். கஜானாவில் அதற்குப் பணமில்லை. ஆகவே ஒரு காரியம் செய்தார். யார் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறார்களோ, அந்த இடத்தில் அவர்களே வீடு கட்டிக்கொள்ளலாம் என்றார். மதுரைக்காரர்கள் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள்.

அந்த வேலையைப் பக்கத்திலிருந்து கவனித்தவர்களில் ஒருவர் பெருமாள் என்கிற மேஸ்திரி, இன்னொருவர் மாரட் என்கிற சர்வேயர். இன்றைக்கு லாட்ஜ்களுக்குப் பேர்போன பெருமாள் மேஸ்திரி வீதியும் பக்கத்து மாரட் வீதியும் அவர்கள் பேரில்தான் இருக்கின்றன. கலெக்டருக்கு ஒரு விளக்குக் கம்பத்தை நட்டார்கள். விளக்குத்தூண் என்று பஸ் கண்டக்டர்கள் கூவுவது அதைத்தான். ஒரு ஊரில் மேஸ்திரிக்குத் தெருவும் கலெக்டருக்குக் கம்பமும் கிடைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆக, உங்களுக்குத் தந்திருக்கும் 8-க்கு 10 அடி அறை, கிட்டத்தட்ட ஒரு அகழியின் மேல் நிற்கிறது. எதிரிகளை உள்ளே விடாமல் இருக்க வெட்டிய பள்ளத்தின் மேல்தான் வெளியூர்க்காரர்களுக்கு என்று இத்தனை கட்டில் போட்டிருக்கிறார்கள்.

அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா லாட்ஜிலும் ஒரே அறைதான். சாவியோடு ஒரு கட்டை தொங்கும், பாக்கெட்டில் போட்டால் பேன்ட் இறங்குகிற கனத்தில். தலையணை உறையின் மூலையில் நீல மையில் லாட்ஜ் பேர். ஃபேன் ரெகுலேட்டரில் 5 நம்பர் இருக்கும். வேலை செய்வது 0-வும் 5-ம். பக்கெட், மக்கு. வெந்நீர் காலை 5 முதல் 8 வரை என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. ஜன்னலைத் திறந்தால் ஒரு கை நீளத்தில் பக்கத்து லாட்ஜின் ஜன்னல். பாத்ரூம் கண்ணாடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, மெரூன், கல் வைத்தது, ஒரு குழந்தையுடையது போல மிகச் சின்னதாகக் கறுப்பு. குளிக்கப் போகும்போது ஒட்டிவைத்து, அவசரத்தில் மறந்துபோன பொட்டுகள். ரூம் பாய்கள் தரையைத் துடைப்பார்கள், கண்ணாடியையும் துடைப்பார்கள், பொட்டை எடுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “அது எதுக்கு சார், இருந்துட்டுப் போகுது” என்றார் ஒருவர். அந்த ரூம் பாய்க்கு வயது 58.

தூக்கம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது தூங்கா நகரம் என்பது சுற்றுலாத் துறை கண்டுபிடித்த வார்த்தை கிடையாது. பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைக்கு அல்லங்காடி என்று பிரித்துச் சொல்லி, இந்த ஊரின் ஒரு ராத்திரி முழுவதையும் சாமம் சாமமாக எழுதிவைத்திருக்கிறார் மாங்குடி மருதனார், மதுரைக்காஞ்சியில். லாட்ஜ் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்களும் அதைச் செய்யலாம், கண்ணைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. 11 மணிவரை கொத்துப் பரோட்டா. 12-க்கு மேல் ஷட்டர் இறங்கும் சத்தம். 1 மணிக்கு யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வர மாட்டார். அரை மணி நேரம் கூப்பிடுவார். 3 மணிக்கு டீக்கடை பாய்லர். அப்புறம் தள்ளுவண்டி, மூட்டை இறங்கும் சத்தம். விடியும் முன்னால் சென்னையிலிருந்து ரயில் வந்துவிடும். டவுன்ஹால் ரோட்டில் நூறு சக்கரப் பெட்டிகள் ஒரே நேரத்தில் உருளும். அந்தச் சத்தம் மட்டும்தான் மாங்குடி மருதனாருக்குத் தெரியாதது.

5 மணிக்குக் கோயில் திறந்துவிடும். குளித்துவிட்டுப் பொடி நடையாகப் போனால் கூட்டமில்லாத மீனாட்சியைப் பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்கு அப்புறம் கோயிலுக்குள் செல்போன் கிடையாது என்பதால், போனை லாட்ஜிலேயே வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்தில் தங்குவதன் சௌகரியம் இதுதான். மறந்ததை எடுக்கத் திரும்பி வரலாம். 12.30-க்கு நடை சாத்தியதும் வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு 4 மணிக்கு மறுபடி போகலாம். ராத்திரி பள்ளியறை பூஜையில் சுந்தரேஸ்வரர் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்தே வரலாம். பைபாஸ் ஹோட்டல்காரர் இதில் எதையும் செய்ய முடியாது.

கோபுரம் தெரிகிற அறை என்று கூடுதலாக 200 ரூபாய் கேட்டால் மட்டும் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். கோயிலிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று 1997-ல் அரசாணையே இருக்கிறது. 9 மீட்டர் என்றால் ஏறத்தாழ 30 அடி. மாடிகளை எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள், அரசாணை எந்த மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது என்று தெரியும். 170 அடி தெற்குக் கோபுரத்தை வாட்டர் டேங்குக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு கீற்றாகக் காட்டி, ‘டெம்பிள் வியூ’ என்பார்கள்.

வாடகைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1000 ரூபாய்க்குக் கீழான அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18-லிருந்து 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து அதை 5 ஆக்கினார்கள். பில் வேண்டுமா என்று மேனேஜர் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே கேட்பதன் பின்னணி இதுதான். சித்திரைத் திருவிழா சமயத்தில் போகாதீர்கள். அப்போது வாடகை என்பது மேனேஜரின் அன்றைய மனநிலை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வேன்கள் வந்து நிற்கும். 3 பேருக்கான அறையில் 14 சாமிகள் ஏறுவதை நானே எண்ணியிருக்கிறேன். மற்ற நாட்களில் 24 மணி நேர செக்-அவுட். நம் ஊர் லாட்ஜ்களின் மகத்தான வழக்கம் இது. ராத்திரி 11-க்கு வந்தால் மறுநாள் ராத்திரி 11 வரைக்கும் அறை உங்களுடையது. பெரிய ஹோட்டல்களில் எத்தனை மணிக்கு வந்தாலும் 12 மணிக்கோ 11 மணிக்கோ கிளப்பிவிடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவும் சரி. ஆனால், இந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னால் கவுன்டரில் ஒரு கேள்வி இருக்கிறது.

“தனியாவா சார்?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு மேனேஜரின் முகத்தைக் கவனியுங்கள். உங்களை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பார். பெட்டி இருக்கிறதா, வெறுங்கையா? கண் சிவந்திருக்கிறதா? குரல் எப்படி? “என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்பார். பாதி லாட்ஜ்களில் “சிங்கிள் ரூம் இல்லையே சார்” என்று முடித்துவிடுவார்கள். பின்னால் கொக்கியில் 12 சாவி தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு நரைத்த தலை, தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை என்று தப்பித்துவிடுகிறேன். என் நண்பரின் மகள் ஒரு பரீட்சைக்காக முதல் நாள் ராத்திரி வந்து, 3 லாட்ஜ் ஏறி இறங்கி, கடைசியில் ரயில்வே வெயிட்டிங் ஹாலில் படித்தாள். எழுதிப் பாஸும் செய்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

தனியாக வருகிறவருக்கு அறை தரக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. கல்யாணமாகாத ஒரு ஆணும் பெண்ணும் லாட்ஜில் தங்குவதே குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லியாகிவிட்டது. ஒற்றை ஆள் தங்குவதில் என்ன குற்றம் இருக்க முடியும்?

இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை என்று தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்து சேர்கிறபோது கோட்டைக்கு வெளியேதான் தங்குகிறார்கள். கவுந்தியடிகள் என்கிற சமணத் துறவி கூட வருகிறார். மாதரி என்கிற இடைக்குல மூதாட்டியிடம், இவர்கள் இன்னார், நல்ல குடும்பம் என்று சொல்லி ஒப்படைக்கிறார். அந்தச் சிபாரிசில்தான் கண்ணகிக்கு ஒரு வீடும் சமைக்கப் பாத்திரமும் கிடைக்கின்றன. இன்றைய கணக்கில் கவுந்தியடிகள்தான் அவர்களுடைய ஆதார் கார்டு. மறுநாள் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குள் போகிறான். கூட ஆளில்லை. அவனைத் தெரியும் என்று சொல்ல அந்தக் கோட்டைக்குள் யாருமில்லை. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

சத்திரங்கள் இருந்த ஊர்தான் இது. 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதும் சத்திரம் கட்டியதும் ஊரே சொல்கிற கதை. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் அவர் பேரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. கோயிலுக்குக் கிழக்கே குன்னத்தூர் சத்திரம் என்று இன்னொன்று. அது இப்போது வணிக வளாகம். புது மண்டபத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த டெய்லர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் அங்கே போயிருக்கிறார்கள். பேரில் மட்டும் சத்திரம் இருக்கிறது. 1921-ல் காந்தி மதுரைக்கு வந்தபோது மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான் தங்கினார். செப்டம்பர் 22-ம் தேதி காலை அந்த மாடியிலிருந்து இறங்கும்போது முழு வேட்டியும் சட்டையும் இல்லை; இடுப்பில் நாலு முழத் துண்டு. அந்தக் கோலத்தில் ஒருத்தர் ஒற்றையாக வந்து, பெட்டியும் இல்லாமல், என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்றால் சத்தியம் என்று பதில் சொன்னால் நம்முடைய மேனேஜர்கள் சாவி தருவார்களா என்று யோசித்துப் பார்ப்பேன். தர மாட்டார்கள்.

மேனேஜர்கள் மேல் எனக்கும் ரொம்ப நாள் கோபம் இருந்தது. நான் வழக்கமாகத் தங்கும் லாட்ஜ் மேனேஜரிடம் ஒரு ராத்திரி கரன்ட் போன நேரத்தில் கேட்டேவிட்டேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 26 வருஷமாக இதே கவுன்டர்.

“ஒருத்தர் வந்தார் சார்” என்றார். “டீசன்ட்டான ஆளு. அயர்ன் பண்ணின சட்டை. அட்வான்ஸ் கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்துக் கொடுத்தார். சில்லறையை நீங்களே வச்சுக்கங்கன்னார். காலைல 6 மணிக்கு எழுப்பிவிடுங்கன்னு சொல்லிட்டுப் போனார். எழுப்பப் போனது நான்தான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. எமர்ஜென்சி லைட்டை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி வைத்தார்.

அப்புறம் சொன்னதெல்லாம் நடைமுறை. கதவை உடைத்தது. ஸ்டேஷனில் வாக்குமூலம். இன்னின்ன தேதிக்கு வா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனது. அந்த ஆளின் மனைவி வந்து, “உங்ககிட்ட ஏதாவது சொன்னாராண்ணே?” என்று கேட்டது. “சில்லறையை வச்சுக்கங்கன்னு சொன்னார்னு எப்படி சார் சொல்றது? ஒண்ணும் சொல்லலம்மான்னுட்டேன்.” ஓனர் 6 மாதம் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தார். அப்புறம் வெள்ளையடித்து நம்பரை மாற்றிவிட்டார். “இப்ப பாருங்க, 106-க்கு அப்புறம் 108-தான்.”

எனக்குத் தந்திருந்தது 108. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் தூங்கினேன், கொஞ்சம் தாமதமாக.

அன்றிலிருந்து, “தனியாவா சார்?” என்று கேட்கும்போது எரிச்சல் வருவதில்லை. ஆனாலும் அந்த விதி தப்பு என்றுதான் நினைக்கிறேன். சாக வருகிறவர் 1000 பேரில் ஒருவர் இருப்பாரோ என்னவோ. மீதி 999 பேரும் பரீட்சைக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள். அதிலும் பெண்களுக்குக் கூடுதல் சந்தேகம். விதி யாரையும் காப்பாற்றுவதில்லை, அந்த ஒருவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். லாட்ஜ்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

போன வருஷம் ஒரு ராத்திரி, 10.45 இருக்கும், குடிதண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினேன். கவுன்டரில் ஒரு அம்மா நின்றிருந்தார். 50 வயதிருக்கலாம். கையில் ஒயர் கூடை, அதில் ஃபிளாஸ்க்.

“ஒத்தையா வந்தா ரூம் தர்றதில்லம்மா. ஓனர் ஆர்டர்.”

“இது நாலாவது லாட்ஜு அண்ணாச்சி” என்றார் அந்த அம்மா. சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு. “வீட்டுக்காரருக்கு ஆபரேசன் ஆகி வார்டுல கிடக்காரு. நாலு நாளா வராந்தாவுலதான் படுத்திருக்கேன். இன்னைக்குக் கொழுந்தன் வந்திருக்கான். நீ போய் ஒரு ராத்திரி நல்லாப் படுத்து எந்திரிச்சு வா மைனின்னு அனுப்பிவிட்டான். தலைக்குத் தண்ணி ஊத்தி அஞ்சு நாளாச்சு. காசு இருக்கு அண்ணாச்சி.”

ஆதார் கார்டை எடுத்து வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாஸையும் வைத்தார். மேனேஜர் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். பாஸைத்தான் அதிக நேரம் படித்தார். கொழுந்தனாரின் நம்பர் வாங்கிப் போன் போட்டார். எந்த வார்டு, எந்த பெட், என்ன ஆபரேஷன், பேஷன்ட் பேர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் கவுந்தியடிகள் வேலையைச் சரியாகச் செய்திருக்க வேண்டும். ரிஜிஸ்டரைத் திருப்பி அந்த அம்மா பக்கம் தள்ளினார்.

சாவியைக் கையில் எடுத்தவர் கொடுக்கவில்லை. தயங்கினார்.

“ஒண்ணு மட்டும்மா. உள்தாழ்ப்பா போடாம, சும்மா சாத்திட்டுப் படுத்துக்கங்க.”

அந்த அம்மா அவரைப் பார்த்தார். “தாழ்ப்பா போடாம ஒரு பொம்பள எப்படிய்யா தூங்குவேன்? அதுக்கு அந்த வராந்தாவே போதுமே?”

மேனேஜருக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. 106-க்கு அப்புறம் 108 என்பதை அவர் இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வார்? ராத்திரி 11 மணிக்கு வெளியூர் லாட்ஜில் தனியாகப் படுக்கப் போகிறவரின் பயத்தை அந்த அம்மாதான் எப்படி விளக்க முடியும்? இரண்டு பயமும் ஒரே தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

மூலையில் பாய் போட்டுக்கொண்டிருந்த ரூம் பாய்தான் பேசினார். எனக்குப் பொட்டு விளக்கம் சொன்ன அதே 58 வயதுக்காரர்.

“நீ தாழ்ப்பாளப் போட்டுக்கத்தா. படிக்கட்டுத் திருப்பத்துல நான் சேர் போட்டு உக்காந்திருக்கேன், அந்தப் பக்கம் ஒரு பய வர மாட்டான். நடுவுல ரெண்டு தடவ, காலைல ஒரு தடவ தட்டுவேன். எந்திரிக்க வேணாம். படுத்த மேனிக்கு ஒரு குரல் கொடுத்தாப் போதும். சரியா?”

“கொடுக்கேன் அண்ணாச்சி.”

700 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா படியேறினார். எனக்கு நேர் மேலே உள்ள அறை. கொஞ்ச நேரத்தில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெகுநேரம் கேட்டது. இரண்டு பக்கெட், மூன்று பக்கெட். அந்நேரத்தில் வெந்நீர் கிடையாது. பச்சைத் தண்ணீர்தான்.

12.30-க்கு ஒரு தட்டல் கேட்டது. “இருக்கேன் அண்ணாச்சி.” 3 மணிக்கு இன்னொரு தட்டல். டீக்கடை பாய்லர் சத்தத்துக்கு நடுவில், தூக்கக் கலக்கத்தோடு, “இருக்கேன், இருக்கேன்.” 5 மணிக்குத் தட்ட விடவில்லை. அதற்கு முன்னாலேயே ஈரத் தலையை முடிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டார். நெற்றியில் பொட்டு இல்லை. கண்ணாடியில் விட்டிருப்பார்.

வார்டுக்குக் கிளம்பினவர் கவுன்டரில் நின்றார்.

“ராத்திரி 11 வரைக்கும் காசு கொடுத்திருக்கேன்லா அண்ணாச்சி?”

“ஆமாம்மா. இருபத்தி நாலு மணி நேரம்.”

“எனக்கு முடிஞ்சுது. பக்கத்து பெட்ல ஒரு பரமக்குடிக்காரி, மகனுக்குக் கூட இருக்கா. அவளுக்கும் குளிச்சு ஒரு வாரம் இருக்கும். சாவிய அவகிட்ட கொடுத்தனுப்பட்டா? அவ வந்தா, அந்தப் பையன நான் பாத்துக்கிடுவேன்.”

மேனேஜர் தலையைச் சொறிந்தார். ரூல்ஸ் இல்லை என்றார். ஓனர் என்றார். போலீஸ் செக்கிங் என்றார். பின்னால் கொக்கியில் தொங்கிய 12 சாவிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “ஐ.டி. கார்டு கொண்டு வரச் சொல்லுங்க” என்றார்.

10 மணிக்குப் பரமக்குடி அம்மா வந்தார். மதியம் 2-க்கு, அதே வார்டிலிருந்து கம்பம் பக்கத்துப் பாட்டி ஒருத்தர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. சாயங்காலம் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் ரூம் பாய் பக்கெட்டைக் கழுவி வைத்தார், 2 தடவை தட்டினார். சாயங்காலம் வந்தவருக்கு வெந்நீரே போட்டுக் கொடுத்தார், 8 மணியோடு முடிந்துபோன வெந்நீரை.

நான் ராத்திரி ரயிலுக்குக் கணக்கு முடிக்க இறங்கியபோது மேனேஜர் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், வந்த நேரம், வருகையின் நோக்கம், உடன் தங்குவோர், உறவுமுறை என்று கட்டங்கள். நோக்கம் என்கிற கட்டத்தில் நாங்கள் எல்லோரும் 20 வருஷமாக ‘சொந்த வேலை’ என்றுதான் எழுதிவருகிறோம். அந்த அறைக்கு நேராக, சங்கரன்கோவில் அம்மாவின் பேருக்குக் கீழே 3 பேரை வரிசையாக எழுதியிருந்தார். உறவுமுறைக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அக்கா என்று எழுத முடியாது, கார்டில் அப்பா பேர் வேறு. ஃப்ரெண்டு என்றால் ஓனர் கேள்வி கேட்பார்.

“என்னன்னு சார் போடுறது?” என்று என்னைக் கேட்டார்.

நான் சொல்வதற்கு முன்னால் அவரே எழுதிவிட்டார். மூன்று பேருக்கும் ஒரே பதில், அடுத்தடுத்த வரிகளில்: ‘பக்கத்து பெட்.’ ‘பக்கத்து பெட்.’ ‘பக்கத்து பெட்.’

“அந்தம்மா நாளைக்கும் வேணும்னு சொல்லியிருக்கு சார்” என்றார் என் பாக்கிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தபடி.